ஜெனரேட்டர் பக்கத்து நாற்காலி

டெலிபோன் எக்ஸ்சேஞ்சைச் சோதிக்க வந்த பெரிய அதிகாரி தணிகாசலம், திரையைப் பார்த்ததும் குதித்தார். ஒரே செம்புக் கம்பியை இருநூற்றைம்பத்தாறு தடங்களாகப் பிரித்து அதில் இன்டர்நெட் அனுப்புகிறார்கள். அன்றைக்கு நாலு தடம் காலியாகக் கிடந்தது.

"யார் பார்த்த வேலை இது?"

"நான்தாங்கய்யா," என்றாள் லைன் வேலை பார்க்கும் செல்லக்கனி. "அந்த நாலுலயும் ரேடியோ டவர் இரைச்சல் விழுது. மோடமே ஒதுக்கிருது."

"சாக்கு சொல்லாதே! நாலையும் நிரப்பு. இல்லேன்னா இன்னைக்கே உன்னை வால்பாறைக்கு மாத்துறேன்."

"ஆகட்டுங்கய்யா. முதல்ல டீ குடிங்க." ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுவிட்டு, டீ சொல்ல வெளியே போனாள்.

அவர் மாற்றல் உத்தரவு எழுதச் சொல்லத் தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டார். அந்த நேரம் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர் அலறியது. "என்னது? கேக்கலை!" என்று கத்தியபடி எழுந்து, எதிர் மூலைக்குப் போய் உட்கார்ந்தார்.

டீயோடு வந்தாள் செல்லக்கனி. "அய்யா, அந்த நாற்காலி காலியா கிடக்கே?"

"அந்தச் சத்தத்துல உட்கார்ந்து எவன் பேசுவான்?"

"லைனும் அதைத்தாங்கய்யா சொல்லுது."

அதிகாரி திரையைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், போனை வைத்தார். 'நாலு தடங்கள் என் உத்தரவுப்படி காலியாக விடப்பட்டன' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார்.

அதுவரை ஓரமாக ஒதுங்கி நின்ற எக்ஸ்சேஞ்ச் கிளார்க் நிம்மதியாக மூச்சு விட்டுக் கேட்டார்: "கரண்ட் வந்திருச்சாக்கா?"

"எங்க போச்சு, வர்றதுக்கு?" என்றபடி ஜெனரேட்டரை நிறுத்தப் போனாள் செல்லக்கனி.