மறைவுக் கீல் கேட்ட பலகை

குன்னூர் மலைச்சரிவில் மரத்தரை போட்ட ஒரு வீடு இருந்தது. தரைக்கு அடியில் உருளைக்கிழங்கு போட்டுவைக்க ஒரு நிலவறை. அதன் வெளிவாசலை ஒரு மழையில் மண் சரிந்து மூடிவிட்டது. அதனால் வீட்டுக்காரி சிவகாமி, கூடத்துத் தரையிலேயே ஒரு வழி திறக்கத் தச்சர் மயில்சாமியை வரவழைத்தாள்.

மயில்சாமி தரையை நாலு பக்கமும் அறுத்து ஒரு சதுரப் பலகையைத் தூக்கினார். நேற்றுவரை தரையாக இருந்தது, இன்று கதவு. பலகைக்கு அது பொறுக்கவில்லை.

அக்கம்பக்கத்துப் பலகைகளும் சும்மா இருக்கவில்லை. “மிதித்தால் தாங்குவதுதான் நம் குலத்தொழில். நீ இனிமேல் வாயைத் திறந்து திறந்து மூடப்போகிறாய். எங்களோடு உனக்கு என்ன பேச்சு?” என்றன. பலகை அவமானத்தில் குறுகிப்போயிற்று.

மயில்சாமி மூன்று கீல்களை எடுத்து வைத்தார். பட்டைக் கீல், “என்னைப் போட்டால் யானையே மிதித்தாலும் அசையாது” என்று மார்தட்டியது. பித்தளைக் கீல், “வருகிறவர்கள் முதலில் என்னைத்தான் பார்ப்பார்கள்” என்று மினுக்கியது. மூன்றாவது, மறைவுக் கீல், தன்னைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை.

சிவகாமியின் கணவர் கந்தவேல் கோலை ஊன்றிக்கொண்டு வந்து பார்த்தார். “நம்ம கால் ஒண்ணு இழுத்துட்டுத்தானுங்க வரும். துளி மேடு இருந்தாப் போதும், குப்புற விழுந்துருவேன்.”

“அப்ப இதானுங்க சரி. பலகைக் கனத்துக்குள்ளயே குடைஞ்சு வெச்சிரலாம். வெளிய ஒண்ணுந் தெரியாதுங்க” என்று மயில்சாமி மறைவுக் கீலை எடுத்தார்.

பலகைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். “என்னை அறுத்ததே தெரியக்கூடாது. முடியுமா உன்னால்?” என்று கேட்டது.

“நான் மறைந்துகொள்வேன், அது என் பிறவிக் குணம். ஆனால் உன்னைச் சுற்றி ஒரு காசுக் கனம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் என்னால் மடங்க முடியாது” என்றது கீல். மயில்சாமியும் மழைக்கு மரம் ஊறும் என்று அவ்வளவு இடம் விட்டுத்தான் பொருத்தினார். அந்த இடுக்கில் தோசைக்கரண்டியை நுழைத்து நெம்பித்தான் சிவகாமி கதவைத் தூக்குவாள்.

ஆனால் அந்த இடைவெளி தரையில் ஒரு கோடாகத் தெரிந்தது. “கதவு, கதவு” என்று பக்கத்துப் பலகைகள் கேலி செய்தன. மழைக்காலம் வந்ததும் நம் பலகை ஈரக்காற்றைக் குடித்துக் குடித்து உடம்பைப் பெருக்க ஆரம்பித்தது. “போதும், எனக்கு மூச்சு முட்டுகிறது” என்று கீல் கெஞ்சியது. யார் கேட்டார்கள்?

ஒருநாள் பிற்பகல், மழைக்கு நிலவறைக்குள் ஊற்று கசிகிறது என்று கிழங்கை எடுத்துவரச் சிவகாமி படாதபாடுபட்டு நெம்பித் திறந்து கீழே இறங்கினாள். சாய்த்து வைத்த கதவு நழுவித் தொப்பென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் நாலு ஓரமும் இறுகிக் கோடு மறைந்தே போயிற்று.

“அட, நம்ம ஆளேதான்!” என்றன பலகைகள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அது இத்தனை நாள் ஏங்கியிருந்தது.

கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அடியிலிருந்து இரண்டு கைகள் அதன் வயிற்றில் அறைந்தன. “என்னங்க! கதவு வரமாட்டேங்குதுங்க! ஊத்துத்தண்ணி முழங்காலுக்கு வந்துருச்சு!”

கந்தவேல் ஒரு கையில் கோலும் ஒரு கையில் கடப்பாரையுமாக ஓட முடியாமல் ஓடிவந்தார். தரை முழுக்க ஒரே மாதிரி இருந்தது. “இங்கதான இருந்துச்சு, எங்க போச்சு? சிவகாமி, பயப்படாத!” என்று கோலால் தட்டித் தட்டிப் பார்த்தார்.

“மூச்சுக் காட்டாதே. காட்டினால் நீ மறுபடியும் கதவுதான்” என்று பலகைகள் கிசுகிசுத்தன.

கோல் தன்மேல் விழுந்தபோது பலகை மூச்சை அடக்கிக்கொண்டது. கோல் தாண்டிப் போனது. அடியில் கைகள் இன்னும் அறைந்துகொண்டிருந்தன, முன்பைவிட மெதுவாக. பலகைக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது. கோல் திரும்பி வந்தபோது மூச்சை விட்டுவிட்டது. டொம் என்று ஒலித்தது.

கந்தவேல் அங்கேயே உட்கார்ந்து கடப்பாரையை ஓரத்தில் செருகினார். மரம் பிய்ந்தது.

“வலிக்கிறதா?” என்றது கீல்.

“வலிக்கிறது. நீ மடங்கு.”

கீல் மடங்கியது. நடுங்கிக்கொண்டே மேலே வந்த சிவகாமி, தரையில் உட்கார்ந்து கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் மயில்சாமி வந்து நாலு ஓரத்தையும் இழைத்தார். பிய்ந்த இடத்தைக் கால் தடுக்காதபடி வழித்து, கை நுழைகிற பள்ளமாக்கினார்.

“போச்சு! இனி இருட்டில் தடவினால்கூட நீ கதவு என்று தெரிந்துவிடும்” என்றன பலகைகள்.

“தெரியட்டும். உதவிக்குக் கூப்பிடுகிறவர்கள் இருட்டிலிருந்துதான் கூப்பிடுகிறார்கள்” என்றது கதவு.