பதினோரு வயது டயரும் திவானின் கால்சட்டையும்

நெல்லிமலை சமஸ்தானத்தின் ராஜாவிடம் ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு மோட்டார் சைக்கிள் இருந்தன. யானை தினமும் நடந்தது. குதிரை வாரம் ஒருமுறை ஓடியது. மோட்டார் சைக்கிள் வருஷத்தில் ஒரே ஒரு நாள், தசரா ஊர்வலத்தில், யானைக்குப் பின்னால் ஊர்ந்தது.

அந்த வருஷம் மலையடிவாரத்து ராஜாவோடு எல்லைத் தகராறு. சமாதானக் கடிதம் மறுநாள் பொழுது சாய்வதற்குள் கீழே போய்ச் சேராவிட்டால் சண்டை.

"மோட்டார் சைக்கிளை எடு" என்றார் ராஜா.

அதை ஓட்டும் மாசிலாமணி கைகட்டி நின்றான். "டயர் செத்துப்போச்சு மகாராஜா. வழியில முப்பத்தாறு கொண்டை ஊசி வளைவு. கீழே போய்டுவேன், ஆனா ரோட்டு வழியா போக மாட்டேன்."

திவான் பரமசாமிக்கு டயரைத் தெரியாது, விதியைத் தெரியும். டயரின் பள்ளத்தில் ஒரு காசைச் செருகிக் காட்டினார்.

"பாதிக் காசு உள்ளே போகிறது. தேயாத டயரை மாற்றக் கூடாது என்பது விதி. எழுதியவன் நானே. நாளை இவன் வண்டியை எடுக்கட்டும், இல்லையேல் வேலையை விட்டுப் போகட்டும்."

மாசிலாமணி சபை விகடகவியான கொழுந்துவேலைப் பார்த்தான். கொழுந்துவேல் குனிந்து டயரைத் தடவினார். தலைமுடி போல வெடிப்புகள். நகத்தால் அழுத்தினால் கல்லை அழுத்துவது போல இருந்தது.

"மகாராஜா, பக்கவாட்டில் நாலு எண் இருக்கிறது. முதல் இரண்டும் இது பிறந்த வாரம், அடுத்த இரண்டும் வருஷம். இதற்குப் பதினோரு வயது. ஐந்து தாண்டினால் வருஷா வருஷம் சோதிக்க வேண்டும். பத்து தாண்டினால் சோதனையே வேண்டாம், கழற்றிவிட வேண்டும். ரப்பர் ஓடாமலே கிழடாகும்."

"உபயோகிக்காத பொருள் எப்படியய்யா கிழடாகும்?" என்றார் திவான். "அப்படியானால் உம் மூளை எப்போதோ வெடித்திருக்க வேண்டுமே!"

சபை சிரித்தது. கொழுந்துவேலும் சேர்ந்து சிரித்தார்.

"உண்மைதான் திவான் அவர்களே. முடிசூட்டு விழாவுக்கு ஒரு பட்டுக் கால்சட்டை தைத்தீர்களே, என்ன ஆயிற்று?"

"அன்று மழை, ஊர்வலம் நடக்கவில்லை. போடவே இல்லை. பெட்டியில் புத்தம் புதிதாக இருக்கிறது."

"அதற்கும் பதினோரு வயது. நாளைக் காலை அதைப் போட்டுக்கொண்டு சபைக்கு வாருங்கள். அது பழுதில்லாமல் இருந்தால் நானே வண்டியை ஓட்டிக்கொண்டு மலையிறங்குகிறேன். எனக்கு ஓட்டத் தெரியாது என்பது தங்களுக்குச் சந்தோஷமான சங்கதியாக இருக்கும்."

சந்தோஷமாகத்தான் இருந்தது. மறுநாள் காலை திவான் வந்தார். ஊதாப் பட்டு பளபளத்தது. ஒரு மடிப்பு கலையவில்லை. எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினார். கொழுந்துவேலுக்கு முப்பத்தாறு வளைவுகளும் கண்முன் வந்தன.

திவான் ராஜாவுக்கு முன் குனிந்து வணங்கினார்.

'பட்'.

பட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடாவுக்குப் பதில் இடுப்பில் வைத்துத் தைத்த ரப்பர்தான் போயிற்று. திவான் இரண்டு கைகளாலும் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"என்னய்யா சத்தம்?" என்றார் ராஜா.

"ஒன்றுமில்லை மகாராஜா."

"ஒன்றுமில்லை என்றால் டயர் விஷயத்தைச் சபையிடமே கேட்டுவிடலாம்" என்றார் கொழுந்துவேல்.

அந்தச் சபையில் மறுப்பவர் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். ஒரு கையைத் தூக்கினால் தண்ணீர் கேட்பதாக அர்த்தம்.

சிரிப்பை அடக்கியதில் ராஜாவின் உதடு துடித்தது. "டயரை மாற்றலாம் என்கிறேன். மறுப்பவர்கள் கை தூக்கலாம்."

சபை முழுக்கத் திவானைப் பார்த்தது. திவான் தரையைப் பார்த்தார்.

"அவசரமில்லை திவான் அவர்களே" என்றார் கொழுந்துவேல். "நன்றாக யோசித்துத் தூக்குங்கள்."

ராஜா கிரீடம் நழுவச் சிரித்தார். மதியத்துக்குள் கடைத்தெருவிலிருந்து இரண்டு டயர்கள் வந்தன. நாலு எண்ணையும் படித்துப் பார்த்த பிறகே மாசிலாமணி மாட்டினான். கடிதம் ரோட்டு வழியாகவே போய்ச் சேர்ந்தது. கொழுந்துவேலுக்கு ஒரு பொற்கிழி கிடைத்தது.

அன்றைய சபைக் குறிப்பு இப்படி முடிகிறது: 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. திவான் அவர்கள் சபை கலையும்வரை உட்காராமல், நின்றபடியே ஆதரவு தெரிவித்தார்.'