நப்தலிக்கு ஒரு வெங்காயம்

கோணத்துறை யூதத் தெருவில் எல்லோருக்கும் எல்லாவற்றையும் பற்றி ஒரு அபிப்பிராயம் உண்டு. கடவுள் அவர்களுக்கு வாயைத் தாராளமாகக் கொடுத்தார், மனசையும் தாராளமாகவே கொடுத்தார். புத்தி கொடுக்கும் நேரத்தில் வேறு வேலை வந்திருக்கும் போல.

அந்தத் தெருவில் மிளகு வியாபாரி நப்தலிக்கு ஒருநாள் காலையில் உடம்பு எழுந்தது, மனசு எழவில்லை. காரணம் கேட்டால் அவருக்கே தெரியவில்லை. அன்றிலிருந்து மாதக்கணக்காகக் கட்டிலே கதி என்று கிடந்தார்.

இந்த நேரத்தில் கூடாரப் பண்டிகை வந்தது. பண்டிகை முடியும்வரை தென்னங்கீற்றுப் பந்தலுக்குள் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், கீற்றின் சந்து வழியே நட்சத்திரம் தெரிய வேண்டும், சந்தோஷமாகவும் இருக்க வேண்டும். வெளியூர் கிளம்பிய ரபி, அதாவது அவர்களுடைய மதகுரு, போகிற போக்கில் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். ஒரே ஒருவர் வெளியே இருந்தாலும் அது பண்டிகையே இல்லை. அதே சமயம், பந்தலில் உட்காருவது யாருக்கு வருத்தமாக இருக்கிறதோ அவருக்கு விலக்கு உண்டு, அவர் வீட்டுக்குள் சாப்பிடலாம்.

தெருவுக்குப் பொதுவாகப் போட்ட பந்தலுக்கு நப்தலியை அழைக்கத் தெருத் தலைவர் செபுலோன் போனார். நப்தலி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"எனக்கு எங்க உக்காந்தாலும் வருத்தம்தான். எனக்கு விலக்கு இருக்கு. விட்டுடுங்க."

பொழுது சாய்ந்தால் பண்டிகை. தெரு கூடி யோசித்தது. கட்டிலோடு தூக்கி வரலாம் என்றால் விலக்கு பெற்றவரைத் தூக்குவது பாவம். விட்டுவிடலாம் என்றால் யாருக்கும் பண்டிகை இல்லை. கோழி ரசம் வைத்திருந்த தீர்சாள்தான் வழி சொன்னாள். அவர் பந்தலுக்கு வர வேண்டாம், பந்தல் அவர் வீடு வரைக்கும் நீளட்டும்.

"வீட்டுக்கு மேல ஓடு இருக்கே. நட்சத்திரம் எப்படித் தெரியும்?" என்றார் செபுலோன்.

"பிரிச்சாத் தெரியும்," என்றார் தச்சர் கெர்சோன்.

உடனே ஏணியைத் தேடிப் போனார்கள்.

மல்லாந்து கிடந்த நப்தலி, தலைக்கு மேல் ஒரு ஓடு நகர்வதைப் பார்த்தார். அந்த ஓட்டை வழியே கெர்சோனின் முகம் எட்டிப் பார்த்தது.

"படுத்துக்கங்கண்ணே. உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

இருட்டுவதற்குள் கூரை போய்க் கீற்று வந்துவிட்டது. தெரு முழுக்க உள்ளே நுழைந்து கட்டிலைச் சுற்றியும் கட்டில் மேலும் உட்கார்ந்தது. சந்தோஷமாக இரு என்று நப்தலியிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை. கட்டிலுக்கு அடியில் இருக்கும் பூனை பந்தலில் இருப்பதாகக் கணக்கா, கட்டிலில் இருப்பதாகக் கணக்கா என்ற விவாதத்தில் யாருக்கும் நேரமில்லை.

அப்போது பிடித்தது ஐப்பசி மழை. கீற்றெல்லாம் ஒழுகிற்று, தாடிகளெல்லாம் சொட்டின. தமக்கு இப்போது வருத்தமாக இருப்பதாக செபுலோன் அறிவித்தார். எல்லோருக்கும் அப்படித்தான் இருந்தது. ஆகவே எல்லோருக்கும் விலக்கு, வீட்டுக்குள் போகலாம் என்று எழுந்தார்கள். எழுந்து, வீடு எங்கே என்று தேடினார்கள். அதற்குள்தான் நின்றுகொண்டிருந்தார்கள்.

நப்தலிக்கு வயிற்றின் அடியிலிருந்து ஏதோ கிளம்பியது. என்னமோ ஏதோ என்று பயந்தே போனார். சிரிப்புதான்.

ரசச் சட்டியைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் செபுலோன் வீட்டுக்கு ஓடினார்கள். நப்தலியும் கூடவே ஓடினார். வாசலில் செபுலோன் அவரை மட்டும் தடுத்தார்.

"நீங்க சிரிக்கிறீங்க. வருத்தமில்லாதவருக்கு விலக்கு கிடையாது. நீங்க பந்தல்லதான் சாப்பிடணும்."

"தனியாவா?"

"அதெப்படி? நீங்க வெளிய இருந்தா எங்களுக்குப் பண்டிகை இல்லையே."

ஒருவரும் உள்ளே போகவில்லை. அவருக்காகத் தெருவே மழையில் நின்றது. எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நப்தலிக்கு ஒரு ஆசை வந்தது. இந்த மடச் சாம்பிராணிகளோடு உள்ளே போய் உட்கார்ந்து ஒரு வாய் ரசம் குடிக்க வேண்டும்.

"கொஞ்சம் வருத்தப்படுங்கண்ணே," என்று தீர்சாள் கெஞ்சினாள். "ரசம் ஆறுது."

நப்தலி மனப்பூர்வமாக முயன்றார். போன கூரையை நினைத்தார். சிரிப்பு இன்னும் கூடிற்று. துக்கக் கதை சொல்கிறேன் என்று கெர்சோன் தன் திருமணத்தை விவரித்தார், அதுவும் உதவவில்லை. கடைசியில் தீர்சாள் தன் வீட்டு அடுக்களைக்கு ஓடி ஒரு பெரிய வெங்காயமும் கத்தியும் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

முதல் சொட்டுக் கண்ணீர் விழுந்ததும் வாசலே பெருமூச்சு விட்டது. கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப்போய் நடுவில் உட்கார வைத்து, கிண்ணம் நிறைய ரசம் ஊற்றினார்கள். ஒரு வாய் குடித்ததுமே நப்தலியின் முகம் மலர்ந்துவிட்டது. செபுலோன் இரண்டாவது வெங்காயத்தை நகர்த்தி வைத்தார். மழை விடுகிற வழியாக இல்லை.

பண்டிகை முடிந்து திரும்பிய ரபி முதலில் நப்தலியைப் பற்றித்தான் விசாரித்தார்.

"அவருக்கு ஒரு குறையும் இல்ல ரபி," என்றார் செபுலோன். "எங்களுக்குத்தான் வெங்காயம் தீர்ந்துபோச்சு. நேத்து அவரை அழவைக்க, இனி நீங்க தனியா உங்க வீட்டுலயே சாப்பிடலாம்னு சொல்லி, அவர் வீட்டு ஓடுகளை ஒண்ணு ஒண்ணா மறுபடி மேல வச்சோம்."