மாதியைப் படுக்கவைத்த பேச்சு

பாறைகளும் அத்தி மரங்களும் நிறைந்த ஒரு காட்டில் இரண்டு கிழக் கரடிகள் வாழ்ந்து வந்தன. ஒன்றின் பெயர் மாதி. மற்றொன்றின் பெயர் நஞ்சி. இரண்டும் ஒரே மழைக்காலத்தில் பிறந்தவை. இரண்டுக்கும் முகம் நரைத்துவிட்டது. பனிக்காலம் வந்தால் இரண்டுக்குமே முழங்கால் பிடித்துக்கொள்ளும்.

"வயதாகிவிட்டது. இனி நமக்கு என்ன இருக்கிறது?" என்று நஞ்சி தன் குகைக்குள்ளேயே சுருண்டு கிடக்கும்.

"வலி பாட்டுக்கு வலி இருக்கட்டும். பழம் உதிரும் நேரமாயிற்றே!" என்று மாதி நொண்டி நொண்டிக் கிளம்பிவிடும். கறையான் புற்றைத் தோண்டும். ஓடையில் இறங்கிக் கால் நனைக்கும். எதிரில் யார் வந்தாலும் நின்று பேசும். திரும்பும்போது நஞ்சிக்கும் ஒரு கிளை அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு வரும்.

நஞ்சி பழத்தைத் தின்னும். ஆனால் மாதி நடந்து போவதைப் பார்த்தால் அதற்கு வயிறு எரியும்.

ஒரு நாள் மயில் ஒன்று நஞ்சியின் குகை வாசலில் வந்து நின்றது. "மாதி மலையுச்சிவரை போய் வந்துவிட்டதே, பார்த்தாயா? உனக்கும் அதே வயது என்றால் யாரும் நம்பமாட்டார்கள்!" என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்று நஞ்சி பழத்தைத் தொடவே இல்லை.

"மாதி ஏதோ மூலிகை தின்கிறது. எனக்குத் தெரியாமல் மறைக்கிறது!" என்று நினைத்தது. மறுநாள் காலையில் முனகிக்கொண்டே மாதியின் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனது. மூலிகையும் இல்லை, மருந்தும் இல்லை. அதே கறையான், அதே பழம், அதே ஓடைத் தண்ணீர்தான். மூலிகை ஒன்று கிடைத்திருந்தால்கூட நஞ்சியின் மனம் ஆறியிருக்கும். ஒன்றுமே இல்லை என்றதும் எரிச்சல் இன்னும் கூடிவிட்டது.

அன்று மாலை மாதி பழத்தோடு வந்ததும் நஞ்சி முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டது.

"மாதி, உன் கண் ஏன் இப்படிக் குழி விழுந்து கிடக்கிறது?"

"அப்படியா? எனக்கு ஒன்றும் தெரியவில்லையே."

"உனக்கு எப்படித் தெரியும்? பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். நம் வயதில் இப்படி அலைந்த கரடிகள் பாதி வழியிலேயே விழுந்து செத்திருக்கின்றன. உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்."

மாதி சிரித்துவிட்டுப் போனது. நஞ்சி விடவில்லை. "உனக்கு மூச்சு இரைக்கிறது" என்றது ஒரு நாள். "உன் கால் நடுங்குகிறது" என்றது இன்னொரு நாள். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது ஒன்றைச் சொன்னது.

மெல்ல மெல்ல மாதி தன் மூச்சைத் தானே உற்றுக் கேட்கத் தொடங்கியது. மேட்டில் ஏறும்போதெல்லாம், 'இங்கேதான் விழப்போகிறேனோ?' என்று பயந்தது. ஒரு நாள் காலையில் வெயில் ஏறிய பிறகும் அது வெளியே வரவில்லை. பிறகு பசி குறைந்தது. நடக்காத கால்கள் கட்டைபோல் விறைத்துப் போயின.

நஞ்சிக்கு நெஞ்சு குளிர்ந்தது. "இப்போது மட்டும் நடந்து காட்டட்டுமே!" என்று தனக்குள் சொல்லிக்கொண்டது.

ஆனால் நஞ்சிக்குப் பழம் கொண்டுவர இப்போது யாரும் இல்லை. பசி வயிற்றைக் கிள்ளியது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் தட்டுத் தடுமாறி மாதியின் குகைக்குப் போனது.

அங்கே மாதி விலா எலும்பு தெரியக் கிடந்தது. அதன் கண்கள் உண்மையாகவே குழி விழுந்திருந்தன.

"வா நஞ்சி. நீ சொன்னது சரிதான். இனி நான் அதிக நாள் இருக்கமாட்டேன்."

நஞ்சி தான் சொன்ன பொய் கண்ணெதிரே மெய்யாகிக் கிடப்பதைப் பார்த்தது.

"இல்லை மாதி! உன் கண் நன்றாகத்தான் இருந்தது. கால் நடுங்கவே இல்லை. நான் சொன்னது அத்தனையும் பொய்!"

"பொய்யா? எதற்கு?"

நஞ்சி தலையைக் குனிந்துகொண்டது. "நீ நடந்தாய். நான் கிடந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை."

"அடிப் பாவி!" என்று மாதி உறுமியது. திடீரென்று, "அப்படியானால், நீ பொறாமைப்படும் அளவுக்கா நான் நன்றாக இருந்தேன்?" என்று கேட்டது.

மாதிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே முன்காலை ஊன்றி எழுந்தது. விழுந்தது. மறுபடியும் எழுந்து, பாறையில் சாய்ந்து சாய்ந்து வாசலுக்கு வந்தது.

"மாதி... எனக்குப் பழம்?" என்று நஞ்சி மெதுவாகக் கேட்டது.

"வேண்டுமானால் கூட வா. இனி நான் சுமந்து வரமாட்டேன்."

இரண்டும் மேட்டில் ஏறின. சிறிது நடப்பதும் சிறிது உட்காருவதுமாகப் போயின. "ஐயோ, என் முழங்கால்!" என்று நஞ்சி வழியெல்லாம் புலம்பியது. முன்னால் போகும் மாதியின் கால்களையே அது வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. பொறாமை முழுவதும் போய்விடவில்லை. ஆனாலும் நடந்தது.

நீதி: முதுமை மெல்ல மெல்லத்தான் தளர்த்தும், 'இனி முடியாது' என்ற எண்ணமோ அதற்கு முன்பே படுக்கவைத்துவிடும்.