விருந்துக்குப் போன கார்

நெதர்லாந்தில், உத்ரெக்ட் நகரத்தில் தளவாய், இசக்கிராஜ், பரமானந்தம் என்று மூன்று தென்காசிக்காரர்கள் ஒரே வீட்டில் குடியிருந்தார்கள். மூவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. சொன்னதைச் சொன்னபடி செய்யும்படி மெஷினுக்குக் கட்டளை எழுதுவதுதான் பிழைப்பு. எழுதி எழுதி அவர்களும் அப்படியே ஆகிவிட்டார்கள்.

தளவாய்க்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பெண்ணின் அப்பா ஆழ்வாரப்பன், "மாப்பிள்ளை அந்த ஊர்ல எப்படி நடந்துக்கிடுதாருன்னு பார்த்துட்டுத்தான் தட்டு மாத்துவேன்" என்று விமானம் ஏறிவிட்டார். தளவாய் அவசரமாக ஒரு பழைய கார் வாங்கினான். ஊர் லைசென்ஸைக் கொடுத்து இங்கத்து லைசென்ஸும் வாங்கியாயிற்று. ஓட்டத் தெரியும், இந்த ஊர் விதிதான் தெரியாது.

அலுவலகத்தில் மரைக்கா என்ற டச்சுப் பெண்ணிடம் கேட்டான். அவள் சொன்னாள்: "வலப்பக்கமிருந்து வருகிறவரை முதலில் போகவிடு. சைக்கிள்காரருக்கு மரியாதை கொடு. போர்டில் எழுதியிருப்பதன்படி நட."

இவ்வளவுதானா என்று மூவரும் விமான நிலையத்துக்குக் கிளம்பினார்கள். முதல் நாற்சந்தியிலேயே வண்டி நின்றது.

"ஏன்டா நிக்குத?"

"வலப்பக்கமிருந்து வர்றவரை முதல்ல விடணும்லா?"

"யாரும் வரலையே."

"வந்தாத்தான விட முடியும்?"

மூவரும் யோசித்தார்கள். கடைசியில் இசக்கிராஜ் இறங்கி, வலப்பக்கத் தெருவுக்குள் கொஞ்ச தூரம் போய், அங்கிருந்து நடந்து வந்தான். தளவாய் அவனுக்கு மரியாதையாக வழிவிட்டான். வழிவிட்ட திருப்தியில் அவனை ஏற்றாமலே போய்விட்டான். இசக்கிராஜ் ரயில் பிடித்து, இவர்களுக்கு முன்னால் விமான நிலையம் போய்ச் சேர்ந்து, ஆழ்வாரப்பனின் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

திரும்பும்போது முதல் சைக்கிளைக் கண்டதும் தளவாய் வண்டியை ஓரங்கட்டினான். மூவரும் இறங்கிக் கைகூப்பினார்கள். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். ஊரே சைக்கிளில் வந்தது. இறங்கி ஏறி, இறங்கி ஏறி மூவருக்கும் முழங்கால் கழன்றது.

பின்சீட்டில் இருந்த ஆழ்வாரப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "சின்னப் பிள்ளைகளைக்கூட கும்பிடுதாரே! இந்தப் பணிவு யாருக்கு வரும்?"

வீட்டுக்குப் பக்கத்தில், சிவப்பாகத் தார் போட்ட ஒரு தெரு. முகப்பில் போர்டு. பரமானந்தம் போனைக் காட்டி மொழிபெயர்த்தான். 'இங்கே கார் விருந்தாளி' என்று வந்தது. சைக்கிளுக்கான தெரு, கார் அடக்கமாகப் பின்னால் போக வேண்டும் என்பதை டச்சுக்காரர்கள் அப்படி நாசூக்காக எழுதிவைப்பார்கள்.

"விருந்தாளின்னு எழுதியே போட்டிருக்கான். கண்டுக்காமப் போனா என்ன நினைப்பாங்க?" என்றான் தளவாய்.

"வெறுங்கையோடவா போறது?" என்றார் ஆழ்வாரப்பன்.

முக்குக்கடையில் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி, முதல் வீட்டு மணியை அடித்தார்கள். ஓர் அம்மாள் கதவைத் திறந்தார். "நாம் ஏதாவது நேரம் குறித்திருந்தோமா?"

"போர்டு வெச்சிருக்கீங்களே" என்று இங்கிலீஷில் சொன்னான் தளவாய்.

அந்த அம்மாள் வாழைப்பழத்தைப் பார்த்தார், நால்வரையும் பார்த்தார், உள்ளே விட்டார். ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு பிஸ்கட். பிறகு பிஸ்கட் டப்பாவை மூடிவிட்டார்.

வெளியே வந்ததும் பரமானந்தத்துக்கு முகம் வெளிறியது. "டேய், விருந்தாளி காருதான்! நாம யாரு உள்ள போய்க் காப்பி குடிக்க?"

"காரை இப்பவே கிளப்பிக்கிட்டுப் போனா?" என்றான் தளவாய்.

"வந்த விருந்தாளியை ஒரு ராத்திரி தங்கவிடாம இழுத்துக்கிட்டுப் போறதா? அந்த அம்மா மனசு என்ன பாடுபடும்?" என்றார் ஆழ்வாரப்பன்.

நியாயம்தான். காரை அந்த வாசலிலேயே, சைக்கிள்கள் போகும் வழிக்குக் குறுக்கே விட்டுவிட்டு, பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

மறுநாள் காலை காரை அழைத்துவரப் போனபோது, மஞ்சள் விளக்கு சுழல ஒரு பெரிய லாரி நின்றது. நாலு சக்கரத்துக்கும் பட்டை கட்டி, கிரேனால் காரை அலுங்காமல் தூக்கி, லாரியின் மேலே அமர்த்திக்கொண்டிருந்தார்கள். தெருவே கூடி நின்றது. ஒரு போலீஸ்காரர் சைக்கிள்களை ஒதுக்கி வழி செய்துகொண்டிருந்தார்.

ஆழ்வாரப்பன் லாரியைப் பார்த்துக் கும்பிட்டார். "நம்ம ஊர்ல விருந்தாளியை வாசல் வரைக்கும்தான வழியனுப்புவோம்? இங்க தரையில கால் பட விடாம தூக்கிட்டுல்லா போறாங்க!"

அப்புறம் தளவாயின் கையை இறுகப் பிடித்தார்.

"சம்பந்தம் முடிஞ்சது மாப்ளே. அந்த லாரிக்காரரை விட்டுராதீங்க. மாப்பிள்ளை அழைப்புக்கு இவரையே பேசி முடிங்க. நீங்க காருக்குள்ள இருங்க, மேளக்காரனை முன்னால ஏத்திக்கலாம்."