டப்பாவுக்கு வைத்த பொட்டு

கடையத்துக்கு மேற்கே, மலை ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன மடம். அங்கே குருவாக இருந்த வடிவம்மைக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. தென்காசியில் அப்பாவின் ஒர்க்ஷாப்பில் டீசல் எஞ்சின்களோடு வளர்ந்தவர். துறவு பூண்ட பிறகு வீட்டை விட்டார், நகையை விட்டார், ஸ்பானரை மட்டும் விடவில்லை.

அவரிடம் சீடராக வந்து சேர்ந்தவர் கோமதிநாயகம். வயது அறுபது. குருவை அவர் "அம்மா" என்பார். குரு அவரை "அண்ணாச்சி" என்பார். புதிதாக வருகிறவர்கள் ஆளை மாற்றிக் கும்பிடுவதும் உண்டு.

கோமதிநாயகம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்தவர். வண்டி பிந்தினால் பயணி அவரைத்தான் திட்டுவான். நேரத்துக்கு எடுக்கச் சொன்னால் டிரைவர் முறைப்பார். இரண்டுக்கும் சேர்த்து மேனேஜர் காய்ச்சி எடுப்பார். அத்தனைக்கும் அவர் சிரித்த முகமாகவே நின்றார். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, "ஒருத்தரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத தங்கமான மனுஷர்" என்று மைக்கில் புகழ்ந்தார்கள். அதைக் கேட்டதும், முன் வரிசையில் இருந்த அவர் மனைவி ஆவுடையம்மாள் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆவுடையம்மாள் சொன்னது இதுதான்: "அங்க முழுங்கினது அத்தனையும் இங்க வந்துதான கொட்டுனீங்க? எனக்கு இனி கொள்ளாது. தொண்டை வரைக்கும் நிறைஞ்சு போச்சு. கோபம் போன பொறவு வீட்டுக்கு வாங்க."

அப்படித்தான் அவர் மடத்துக்கு வந்தார். வாரம் தவறாமல் அவருடைய பிரஷர் மாத்திரை மட்டும் வீட்டிலிருந்து பஸ் கண்டக்டர் கையில் வந்துகொண்டிருந்தது. வேறு ஒரு சொல்லும் வரவில்லை.

ஒரு நாள் காலையில் கோமதிநாயகம் குருவிடம் கேட்டார்.

"அம்மா, கோபம் வராம இருக்க என்ன வழி?"

வடிவம்மை மடத்து ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார்.

"பானெட்டைத் திறங்க, அண்ணாச்சி."

அந்த ஜீப் பழையது. மலைமேல் இருக்கும் வீடுகளுக்கு அதுதான் பஸ், அதுதான் ஆம்புலன்ஸ், அதுதான் ரேஷன் அரிசி வண்டி. கொஞ்ச நாளாக ஏற்றத்தில் திணறிக்கொண்டிருந்தது.

வடிவம்மை எஞ்சினை ஓடவிட்டார். எஞ்சின் தலையிலிருந்து கிளம்பி, காற்று போகும் பெரிய குழாயில் சேரும் ஒரு ரப்பர் ஹோஸைக் கழற்றினார். அதன் வாயிலிருந்து புகை புசுபுசுவென்று வந்தது. புகை பட்ட விரலை நீட்டிக் காட்டினார். எண்ணெய்ப் பிசுக்கு.

"இது எஞ்சின் விடுற மூச்சு. எண்ணெயும் சேர்ந்து வருது. இதைத் திரும்ப எஞ்சினே இழுத்துக் குடிக்குது. உள்ள போற வழியெல்லாம் கரி கட்டிப் போச்சு."

"இது வராம பண்ண முடியாதா?"

"முடியும். எஞ்சினை நிறுத்தணும்."

கோமதிநாயகத்துக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பிடிக்காததை முகத்தில் காட்டாமல் சிரித்தார். அந்தச் சிரிப்பில் அவருக்கு நல்ல பழக்கம்.

வடிவம்மை எஞ்சினை நிறுத்திவிட்டு, ஒரு அலுமினிய டப்பாவை எடுத்துக் காட்டினார். ஒரு சொம்பு அளவுதான் இருக்கும். மேலே இரண்டு வாய், உள்ளே கம்பிப் பஞ்சு, அடியில் ஒரு சின்னத் திருகு குழாய். கடைக்காரர்கள் இதைக் கேட்ச் கேன் என்பார்கள். எஞ்சின் விடும் மூச்சு ஒரு வாய் வழியாக உள்ளே போகும். எண்ணெய் பஞ்சில் ஒட்டி அடியில் இறங்கிவிடும். தெளிந்த காற்று மறு வாய் வழியாக வெளியே வரும்.

"கிளிப்பும் ஹோஸும் வாங்கத் தென்காசிக்குப் போயிட்டு வாரேன். வந்து மாட்டுவோம். வண்டியை எடுக்காதீங்க."

குரு பஸ் ஏறியதும் கோமதிநாயகம் ஜீப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார். அழுக்கு இந்த வழியாகத்தானே வருகிறது, வழியை அடைத்துவிட்டால் டப்பா எதற்கு? வேப்பங்குச்சி ஒன்றை முளைபோலச் செதுக்கினார். புகை வந்த ஹோஸின் வாயில் வைத்து அடித்து, கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டினார். எஞ்சினைப் போட்டுப் பார்த்தார். ஒரு துளிப் புகை இல்லை.

குரு வருவதற்குள் ஒரு நல்ல காரியம் முடித்து வைப்போம் என்று மலைவீடுகளுக்கான அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

பாதி மலையில் எஞ்சினுக்குள் டப்பென்று ஒரு சத்தம். எண்ணெய் அளவு பார்க்கும் கம்பி தன் குழாயிலிருந்து தெறித்து பானெட்டில் முட்டியது. அது இருந்த ஓட்டை வழியாக எண்ணெய் பீய்ச்சி அடித்தது. எஞ்சின் மூடியின் ஓரமெல்லாம் கசிந்தது. கோமதிநாயகம் எஞ்சினை நிறுத்தினார். பிறகு மூட்டைகளைத் தலையில் சுமந்து மேலே கொண்டுபோய்ச் சேர்த்தார். வீட்டுக்காரர்கள் மோர் கொடுத்து, "சாமி மாதிரி வந்தீங்க" என்றார்கள். அதற்கும் சிரித்தார்.

சாயங்காலம் வடிவம்மை மலைப்பாதையில் ஏறி வந்தபோது, ஜீப்பின் பக்கத்தில் எண்ணெய் பூசிய வேட்டியோடு அவர் உட்கார்ந்திருந்தார். குரு குனிந்து ஹோஸைப் பார்த்தார். முளையைப் பார்த்தார்.

"நல்லாத்தான் செதுக்கி இருக்கீங்க" என்றார்.

அவ்வளவுதான். கோமதிநாயகம் வெடித்தார்.

"வெவரமாச் சொல்லிட்டுப் போகக் கூடாதா? அடைச்சா இப்படி ஆகும்னு எனக்கு எப்படித் தெரியும்? மூட்டை சுமந்து இடுப்பு உடைஞ்சு கெடக்கேன், வந்ததும் நக்கல் பேச்சு! குருவாம் குரு! ஒரு டைம் கீப்பருக்கு இருக்கிற பொறுப்புகூடக் கிடையாது!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது.

வடிவம்மை பக்கத்துக் கல்லில் உட்கார்ந்தார்.

"இன்னைக்குத்தான் அண்ணாச்சி உங்க குரலைக் கேக்கேன்" என்றார்.

பிறகு முளையைப் பிடுங்கி எறிந்தார். தள்ளாத குறையாக ஜீப்பை இறக்கி மடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

மறுநாள் மூடியின் கசிவைச் சரிசெய்து, புது எண்ணெய் ஊற்றினார்கள். டப்பாவை எங்கே மாட்டுவது என்று வடிவம்மை கேட்டார். கோமதிநாயகம் நன்றாக யோசித்து, பேட்டரிக்குக் கீழே, பின்பக்கமாக ஒரு சந்தைக் காட்டினார்.

"ஏன் அங்க?"

"கண்ணுல படாதும்மா. அழுக்கு டப்பாதான? முன்னால இருந்தா அசிங்கமா இருக்கும்."

"சரி. நிறைஞ்சா எப்படிக் காலி பண்ணுவீங்க?"

கோமதிநாயகம் விழித்தார்.

"காலி பண்ணணுமா?"

"பின்னே?"

"அதுவா எங்கயாவது போயிராதா?"

"எங்க போகும்?"

வடிவம்மை பானெட்டைத் திறந்ததும் முதலில் கைபடும் இடத்தில் டப்பாவை வைத்துப் பார்த்தார். அங்கேயே பிராக்கெட் போட்டு முடுக்கினார். எஞ்சினிலிருந்து வரும் ஹோஸை ஒரு வாயில் செருகினார். மறு வாயிலிருந்து புது ஹோஸைப் பெரிய குழாய்க்குக் கொண்டுபோனார். கிளிப்புகளைக் கோமதிநாயகமே இறுக்கினார்.

"நிறைஞ்சதைக் கவனிக்காம விட்டா?" என்று கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார்.

"அதுவும் தாங்குற வரைக்கும் தாங்கும். பொறவு வந்த எண்ணெயை மறு வாய் வழியா எஞ்சினுக்கே அனுப்பும்."

"அப்படின்னா டப்பா கெட்டுப்போச்சுன்னு அர்த்தமா?"

வடிவம்மை ஸ்பானரைத் துடைத்துப் பையில் போட்டார்.

அதன் பிறகு ஜீப் ஏற்றத்தில் திணறவில்லை. மலைவீட்டுக்காரர்கள் பானெட்டைத் தட்டி, "எஞ்சின்னா இது எஞ்சின். தங்கம்லா!" என்று புகழ்ந்தார்கள். டப்பாவைப் பற்றி யாரும் பேசவில்லை. கோமதிநாயகத்துக்கு ஒவ்வொரு தடவையும் அந்தப் புகழ்ச்சி காதில் எங்கோ இடறியது. இதே சொல்லை மைக்கில் கேட்டிருக்கிறார்.

ஆயுத பூசை வந்தது. மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஸ்பானர், கடப்பாரை, அம்மி எல்லாவற்றுக்கும் முன்னால் குப்பை வாளிக்கும் விளக்குமாற்றுக்கும்தான் பொட்டு வைப்பார்கள். கோமதிநாயகம் ஜீப்பைக் கழுவிச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்.

"டப்பாவைக் காலி பண்ணீங்களா?" என்று வடிவம்மை கேட்டார்.

நன்னாரி சர்பத் பாட்டில் ஒன்று காலியாகக் கிடந்தது. கோமதிநாயகம் அதை டப்பாவுக்கு அடியில் பிடித்துக்கொண்டு திருகைத் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு கறுப்பாக, கொழகொழவென்று இறங்கியது. எண்ணெயும் தண்ணீரும் கரியும் கலந்த நாற்றம் மூக்கைத் துளைத்தது. பாட்டில் பாதிக்குமேல் நிறைந்தது. கை கடுத்தது. அவர் எடுக்கவில்லை. ஒழுகல் சொட்டாகி, சொட்டும் நிற்கிற வரைக்கும் குந்தியபடியே பிடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு திருகை மூடினார். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இவ்வளவையும் இது ஒரு சத்தமும் இல்லாம வச்சுக்கிட்டு இருந்திருக்கே, அம்மா."

"ஆமா."

"டிப்போவுல எனக்கு மாலை போட்டாங்க. அதை என் வீட்டுக்காரி கழுத்துல போட்டிருக்கணும். அவ இல்லாட்டி நான் என்னைக்கோ மேனேஜரை அடிச்சுட்டு வேலையைத் தொலைச்சிருப்பேன். பிள்ளைக படிச்சிருக்காது. வீடு வந்திருக்காது. நான் நல்லவன்னு பேர் வாங்க அவதான் எல்லாத்தையும் வாங்கிக்கிட்டா. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட நான் அதை அவகிட்ட சொன்னது கிடையாது. இத்தனைக்கும் மேல மாத்திரை அனுப்புதா, பாருங்க."

அழுகையும் நன்றியும் சேர்ந்து வந்தன. வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் கரி ஒட்டியது. பிறகு சந்தனக் கிண்ணத்தை எடுத்து, ஸ்டியரிங்குக்கும் முன்னால், எஞ்சினுக்கும் முன்னால், டப்பாவுக்குப் பொட்டு வைத்தார். இரண்டு கையாலும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நான் வீட்டுக்குப் போகட்டுமா, அம்மா?"

"கோபம் போயிருச்சா?"

"இல்லம்மா. காலைலகூட சந்தனம் சரியா அரையலன்னு வந்துச்சு. எங்க கொண்டு போடன்னுதான் தெரியல."

"எங்க போட்டீங்க?"

"வெறகு பிளந்தேன்."

வடிவம்மை சிரித்தார். பொரி, கடலை, வெல்லம் போட்டு ஒரு பொட்டலம் கட்டி நீட்டினார். "வீட்டுல கொடுங்க" என்றார்.

கோமதிநாயகம் வாங்கிக்கொண்டார். ஆனால் நகரவில்லை.

"எனக்குப் பயமா இருக்கு, அம்மா. போய் உக்காந்து, உனக்கு ரொம்ப நன்றின்னு சொல்லத் தயார்தான். ஆனா அவ வாயைத் திறந்தா இத்தனை வருசமா உள்ள இருந்ததெல்லாம் வரும். அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

வடிவம்மை அந்தச் சர்பத் பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"இது ஒழுகும்போது என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லல."

"என்ன பண்ணீங்க?"

"கடைசிச் சொட்டு வரைக்கும் அடியில பிடிச்சுக்கிட்டு இருந்தேன்."

"அவ்வளவுதான். கிளம்புங்க அண்ணாச்சி, பஸ்ஸுக்கு நேரமாச்சு."