நஞ்சியின் கிழங்குக் காடு

மழைக்காடு ஒன்றில், சரிவான மேட்டின்மேல், நஞ்சி என்ற முள்ளம்பன்றியும் அவள் கணவன் காடனும் மூன்று குட்டிகளோடு கிழங்கு பயிரிட்டு வாழ்ந்தார்கள். மரங்களை அவர்கள் வெட்டவில்லை. மரத்தடியில் வள்ளிக்கிழங்கை ஊன்றி, கொடியை மரத்தில் ஏற்றிவிட்டார்கள். வெயில் விழுந்த இடத்தில் ராகியும் அவரையும் விளைந்தன.

மேட்டுக்குக் கீழே பெருச்சாளிகள் ஓர் ஊர் கட்டின. முதலில் நாலைந்து வளைதான். பிறகு தெரு வந்தது, சந்தை வந்தது. இடம் போதவில்லை.

பெருச்சாளித் தலைவன் தொப்பையன் மூச்சிரைக்க மேடேறி வந்தான்.

“நஞ்சி! இந்த மேட்டை எங்களுக்கு விட்டுவிடு. சந்தைத் தெருவில் உனக்கு நல்ல வளையாகத் தருகிறேன்!”

“வளைக்குள் கிழங்கு விளையுமா?”

“எதற்கு விளைய வேண்டும்? சந்தையில் வாங்கிக்கொள்!”

“உன் சந்தைக்குக் கிழங்கே எங்கள் காட்டிலிருந்துதானே வருகிறது! முடியாது, போய் வா!”

தொப்பையன் பல்லை நறநறவென்று கடித்தான். கீழே போய்த் தன் ஆட்களைக் கூட்டினான்.

“ஊரிலிருந்து மேடு வரை சுரங்கம் தோண்டுங்கள்! கிழங்கை அடியிலிருந்தே தின்னுங்கள்! வயிறு காய்ந்தால் தானாக ஓடிவிடுவார்கள்!”

சில நாட்களில் கொடிகள் வாடின. காடன் ஒன்றைப் பிடித்து இழுத்தான். வெறும் கொடிதான் வந்தது. அடியில் பெரிய பொந்து!

“போதும் நஞ்சி, போய்விடலாம். குட்டிகள் பசியில் அழுகின்றன” என்றான்.

நஞ்சிக்கும் கண் கலங்கியது. ஆனாலும் மிச்சமிருந்த விதைக்கிழங்கை எடுத்தாள்.

“எனக்கும் பயம்தான். ஆனால் இதை விட்டால் நமக்கு வேறு மண் ஏது? அவர்கள் தின்னத் தின்ன நான் நடுவேன்!”

காட்டுப்பழம் தின்று வயிற்றைக் கழுவிக்கொண்டு ஐவரும் நட்டார்கள். இம்முறை பாறை இடுக்கிலும், வேர்கள் பின்னிக் கிடந்த இடத்திலும் நட்டார்கள். உதிர்ந்த முட்களைப் பொந்துகளில் செருகினார்கள். திருட வந்த பெருச்சாளிகள் மூக்கில் முள்ளோடு அலறி ஓடின.

“வேறு பக்கம் தோண்டுங்கள்! இன்னும் பெரிதாகத் தோண்டுங்கள்!” என்று கத்தினான் தொப்பையன்.

அப்போது பெருமழை பிடித்தது. மேட்டில் விழுந்த தண்ணீரெல்லாம் சுரங்கங்களுக்குள் புகுந்து, நேரே ஊருக்குள் பாய்ந்தது. சந்தை மிதந்தது. பெருச்சாளிகள் பிள்ளைகளைக் கவ்விக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தன.

“நஞ்சி! ஒதுங்க இடம் கொடு!” என்று கெஞ்சினான் தொப்பையன்.

காடன் முட்களைச் சிலிர்த்தான். “விரட்டு இவர்களை!”

“பிள்ளைகள் மேலே வரட்டும்” என்றாள் நஞ்சி. “தொப்பையா, நீ அங்கேயே நில்! தோண்டிய சுரங்கம் அத்தனையையும் அடைத்துவிட்டு ஏறு. இனி இந்த மேட்டுப் பக்கம் யாரும் மண்ணைத் தொடக் கூடாது!”

“சரி தாயே, சரி!”

கொட்டும் மழையில் தொப்பையனே கல்லும் மண்ணும் சுமந்தான். கடைசிச் சுரங்கம் அடைபட்டதும் ஊருக்குள் பாய்ந்த வெள்ளம் நின்றது. அடுத்த பருவத்தில் மேட்டு மரங்களெல்லாம் கிழங்குக் கொடியால் மூடிக்கிடந்தன. ஊர் எதிர்ப்பக்கமாக வளர்ந்தது.

விளைவித்துச் சோறு போடுகிறவரின் மண்ணைப் பறிக்கக் குழி தோண்டினால், தோண்டியவரின் வீடுதான் முதலில் மூழ்கும்.